ராமநாதபுரம் கடலோரத்துக்கு எந்த ஃபிலிம் கேமரா பாடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி பக்கமிருந்து ஃபிலிம் கேமரா வாங்க நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பேசி அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். பெரும்பகுதி 35 மில்லிமீட்டர் எஸ்எல்ஆர் பாடிகளைப் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமராவின், லென்ஸ் இல்லாத உடம்பு) பற்றியது. நான் நிக்கான் ஆள், எழுத்தில் அது தெரியும், கேனன்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணே, நல்ல பாடி வாங்கினால் படம் நன்றாக வருமா?

வராது. டிஜிட்டலில் பாடியை மாற்றினால் சென்சாரும் மாறுகிறது, அதனால் படமும் மாறுகிறது. ஃபிலிமில் அந்த வேலையைச் செய்வது ரோல். ஒரே ரோலையும் ஒரே லென்ஸையும் 2004-இல் வந்த நிக்கான் எஃப்6-இல் போட்டாலும், அதற்கு இருபது வருடம் முந்தைய எஃப்எம்2-இல் போட்டாலும், எக்ஸ்போஷர் (ரோலில் விழும் வெளிச்சத்தின் அளவு) ஒன்றாக இருந்தால் நெகட்டிவைப் பார்த்து எது எந்த பாடி என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளிச்சம் கசியாமல் ரோலைத் தட்டையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், சொன்ன நேரத்துக்கு ஷட்டரைத் திறந்து மூட வேண்டும், வெளிச்சத்தை அளந்து சொல்ல வேண்டும், நீங்கள் எடுக்கப்போவதை ஒழுங்காகக் காட்ட வேண்டும். பாடியின் வேலை அவ்வளவுதான். இதில் எது உங்கள் ஊரில், உங்கள் வேலையில் முதலில் காலை வாரும் என்று பார்த்து வாங்குங்கள். நம் கடலோரத்தில் காலை வாருவது உப்பு, மணல், வெயில், அப்புறம் கேட்ட பேட்டரி கடையில் இல்லாதது, ரிப்பேர் பார்க்க பக்கத்தில் ஆள் இல்லாதது. குளிர்நாட்டில் உட்கார்ந்து யூடியூபில் பாடிகளுக்கு மார்க் போடுகிறவருக்கு இதில் ஒன்றுகூடக் கவலை கிடையாது. அவர் பட்டியலில் முதலில் வருவது உங்களுக்குக் கடைசியாகப் போகலாம்.

அப்படியென்றால் புரொஃபஷனல் பாடி என்று தனியாக எதற்கு?

போரிலும் மழையிலும் விளையாட்டு மைதானத்திலும் தினமும் ரோல் ரோலாக எடுத்துத் தள்ளிய பத்திரிகைக்காரர்களுக்காகச் செய்தவை அவை. நிக்கானில் 1959-இன் எஃப் தொடங்கி எஃப்2 (1971), எஃப்3 (1980), எஃப்4 (1988), எஃப்5 (1996), எஃப்6 என்று ஒரு வரிசை. கேனனில் எஃப்-1 (1971), நியூ எஃப்-1 (1981), பிறகு ஈஓஎஸ்-1 (1989), 1என் (1994), 1வி (2000). வலுவான உலோக உடம்பு, பத்தாயிரக்கணக்கில் அடித்தாலும் தாங்கும் ஷட்டர், வியூஃபைண்டரில் பார்ப்பதும் ரோலில் விழுவதும் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு ஒன்றாக இருப்பது, வேகமாக ரோல் ஓட்டும் மோட்டார். இதற்குத்தான் அந்த விலை.

அவர்களுக்குத் தேவைப்பட்டது எல்லாம் உங்களுக்கும் தேவையா என்பது வேறு விஷயம். எஃப்5 வினாடிக்கு 8 படம் எடுக்கும், 36 படம் உள்ள ரோல் நாலரை வினாடியில் காலி. இன்றைக்கு ஒரு கலர் ரோல் விற்கிற விலைக்கு அந்த வேகத்தை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? ஆனால் நூறு சதவீத வியூஃபைண்டர் உண்மையிலேயே சுகம். எஃப்எம்2 காட்டுவது 93 சதவீதம்தான். தனுஷ்கோடி மாதிரி வெறும் மணலும் வானமும் இருக்கிற இடத்தில், ஓரத்தில் தெரியாமல் நுழைந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டில் பிரிண்டில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும்.

பேட்டரியே இல்லாமல் ஓடுகிற மெக்கானிக்கல் பாடிதானே நமக்கு நல்லது?

பாதி உண்மை. நிக்கான் எஃப்2, எஃப்எம்2, லைக்கா எம்6 இவற்றில் பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் எல்லா ஷட்டர் வேகமும் வேலை செய்யும். கச்சத்தீவு திருவிழாவுக்குப் படகில் போகிற இடத்தில் பேட்டரி செத்தாலும் கவலையில்லை, வெயிலைப் பார்த்துக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். இது பெரிய பலம்தான்.

ஆனால் ‘மெக்கானிக்கல் சாகவே சாகாது’ என்று விற்கிறவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். உள்ளே இருப்பது ஸ்பிரிங், பல்சக்கரம், கொஞ்சம் எண்ணெய். முப்பது நாற்பது வருடத்தில் எண்ணெய் காய்ந்து பிசினாகும். ஒரு வினாடி என்று வைத்தால் ஒன்றரை வினாடி திறந்திருக்கும், 1/1000 என்று வைத்தால் 1/600 மாதிரி ஓடும். கேமரா கிளிக் என்றுதான் சொல்லும், உங்களுக்குத் தெரியாது, நெகட்டிவ் மட்டும் அடர்த்தியாகிக்கொண்டே போகும். எலக்ட்ரானிக் ஷட்டர் நேரத்தைப் படிகத்தை வைத்தோ சர்க்யூட்டை வைத்தோ அளப்பதால் வேலை செய்கிற வரைக்கும் துல்லியமாக இருக்கும், ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிடும். மெக்கானிக்கலைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுச் சரிசெய்ய மதுரையிலும் சென்னையிலும் இன்னும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். எலக்ட்ரானிக்கில் போர்டு போனால் இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் எடுத்துப் போட வேண்டும். ஆக, மெக்கானிக்கல் வாங்கினால் சர்வீஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள், எலக்ட்ரானிக் வாங்கினால் மலிவாக வாங்குங்கள். அதிக விலை கொடுத்து ஒரு பழைய எலக்ட்ரானிக் பாடியை வாங்குவதுதான் இரண்டிலும் மோசம்.

பேட்டரி எது என்பதையும் பாருங்கள். எஃப்எம்2-க்கும் எஃப்3-க்கும் எல்ஆர்44 பட்டன் செல் இரண்டு போதும், வாட்ச் கடையில் கிடைக்கும். எஃப்4, எஃப்5, எஃப்100 மூன்றும் சாதாரண பென்சில் செல்லில் ஓடுபவை, தங்கச்சிமடம் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கேனன் ஈஓஎஸ்-1என், 1வி இரண்டுக்கும் 2சிஆர்5, எஃப்6-க்கு சிஆர்123ஏ. இந்த லித்தியம் செல்களை இங்கே கடையில் தேடி அலையாதீர்கள், ஆன்லைனில் நாலைந்து சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்3-யா, எஃப்எம்2-வா?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், சண்டையும் இதில்தான் அதிகம். இரண்டும் ஒரே காலத்தவை (எஃப்3 1980, எஃப்எம்2 1982), இரண்டும் ஒரே லென்ஸ்களை ஏற்கும், இரண்டும் 2001 வாக்கில்தான் நின்றன.

எஃப்3-ஐக் கையில் எடுத்தால் விடமாட்டீர்கள். ஜியோர்ஜெட்டோ ஜுஜாரோ என்ற இத்தாலிய கார் வடிவமைப்பாளர் வரைந்த உடம்பு, பிடியில் அந்தச் சிவப்புக் கோடு, வெண்ணெய் மாதிரி நகரும் ரோல் லீவர். அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) நீங்கள் வைத்தால் ஷட்டரை அது பார்த்துக்கொள்ளும். கண்ணாடி போட்டவர்கள் எஃப்3 எச்பி என்ற வகையைத் தேடுங்கள், கண்ணாடியைக் கழற்றாமலே நான்கு மூலையும் தெரியும், எனக்கு அதற்காகவே பிடிக்கும். குறைகள்: அதிகபட்சம் 1/2000. ஃபிளாஷ் ஒத்துப்போவது 1/80 வரைதான். ஃபிளாஷ் மாட்டும் இடம் ரோல் சுற்றும் பிடியைச் சுற்றி அமைந்த தனி வகை, சாதாரண ஃபிளாஷ் உட்கார அடாப்டர் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் பக்கத்திலிருக்கும் சின்ன லீவரை இழுத்து 1/60-இல் மட்டும் எடுக்கலாம்.

எஃப்எம்2 540 கிராம்தான். 1/4000 வரை முழுக்க மெக்கானிக்கல், அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. பிந்தைய எஃப்எம்2என்-இல் ஃபிளாஷ் 1/250. சாதாரண ஃபிளாஷ் மேலே அப்படியே உட்காரும். மீட்டரைப் போட லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைக்க வேண்டும், இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது நெற்றியில் குத்தும், கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். ஆட்டோ எதுவும் கிடையாது.

என் தீர்ப்பு: நம் வெயிலுக்கும், ஃபிளாஷ் வேலைக்கும், படகில் ஏறி இறங்கவும் எஃப்எம்2. நிதானமாக நின்று வீட்டுத் திண்ணை, சந்து, ஆள் முகம் என்று எடுக்கிறவருக்கு எஃப்3. இரண்டையும் ஒன்றாக்கின மாதிரி எஃப்எம்3ஏ என்று ஒன்று 2001-இல் வந்தது. ஆட்டோவும் உண்டு, பேட்டரி இல்லாமலும் எல்லா வேகமும் ஓடும். நல்ல கேமரா, விலை கேட்டால் தலை சுற்றும்.

உப்புக்காற்றையும் மணலையும் எந்த பாடி தாங்கும்?

முழுசாக எதுவும் தாங்காது. பென்டாக்ஸ் எல்எக்ஸ் (1980), எஃப்5, எஃப்100, எஃப்6, கேனன் 1வி இவையெல்லாம் தூசியும் ஈரமும் புகாதபடி இணைப்புகளை அடைத்துச் செய்தவை. இதில் 1வி-யும் எஃப்6-உம் வயதில் இளையவை என்பதால் அவற்றை ஓரளவு நம்பலாம். ஆனால் இருபது வருட ரப்பர் இன்றும் ரப்பராகவே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? அதோடு நீங்கள் மாட்டுகிற பழைய லென்ஸில் அடைப்பு வளையமே இருக்காது, பாடி மட்டும் அடைத்திருந்து பிரயோஜனமில்லை. எல்எக்ஸில் உள்ளே இருக்கிற மிரர் மேலே எழத் தயங்கி ஒட்டிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த வியாதி, சர்வீஸ் ஆன பாடியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பாடியைவிடப் பழக்கம்தான் முக்கியம். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தனுஷ்கோடி ரோட்டில் மணல் புகை மாதிரி ஓடும். அப்போது வெளியே நின்று பின்கதவைத் திறந்து ரோல் மாற்றாதீர்கள். ரோல் டப்பாவின் வாயில் இருக்கிற வெல்வெட்டில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஒரே நேர்க்கோட்டில் கீறிக்கொண்டே போகும். வண்டிக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள், முடியாவிட்டால் காற்றுக்கு முதுகு காட்டி, துண்டுக்குள் வைத்து மாற்றுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நாலு பாடியில் எது சிறந்தது என்று அலசுவதைவிட இரண்டு பாடி வைத்திருப்பது உதவும். கடற்கரையில் ரோல் மாற்றவே வேண்டியிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை. உப்பு காய்ந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், திருகாணிகளும் செல் பெட்டியும்தான் முதலில் பச்சை பிடிக்கும். எடுக்காத மாதங்களில் செல்லைக் கழற்றி வையுங்கள். செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். தோல் உறைக்குள் பூட்டி பீரோவில் வைப்பதுதான் பூஞ்சைக்கு நீங்கள் போடும் விருந்து. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தவிட்டுத் தூசி உள்ளே போகும், அரிசியும் வீண்.

படகில் போய் எடுக்கணும், தெறிக்கிற தண்ணீருக்கு என்ன செய்வது?

அதற்கென்றே நிக்கானோஸ் இருக்கிறது. நிக்கானோஸ் 5 (1984) தண்ணீருக்குள் 50 மீட்டர் வரை போகும்படி செய்தது. வத்தையிலோ வல்லத்திலோ அலை மேலே விழுந்தால் துடைத்துக்கொண்டு எடுக்கலாம், வந்ததும் குழாயடியில் காட்டிக் கழுவலாம். ஷட்டர் 1/1000 வரைதான், பேட்டரி போனால் 1/90 மட்டும். ஃபோகஸ் கண்ணால் பார்த்து வைக்க முடியாது, தூரத்தைக் குத்துமதிப்பாக வைக்க வேண்டும். ரப்பர் வளையங்களை மாற்றி கிரீஸ் தடவாமல் தண்ணீருக்குள் இறக்காதீர்கள். தெறிப்புக்கு மட்டும் என்றால் அவ்வளவு பயம் வேண்டாம்.

நம்ம வெயிலுக்கு 1/8000 ஷட்டர் கட்டாயமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ரோலின் வெளிச்ச உணர்திறன்) 100 ரோலுக்கு எஃப்/16 அப்பர்ச்சரில் சுமார் 1/125. பின்னணியை மங்கலாக்க எஃப்/2.8-க்குத் திறந்தால் ஐந்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரண்டு மடங்கு), அதாவது 1/4000. எஃப்எம்2 சரியாக அங்கே நிற்கிறது. எஃப்3-இன் 1/2000 ஒரு ஸ்டாப் கூடுதலாக எரிக்கும், கலர் நெகட்டிவ் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கும். ஸ்லைடு ரோல் தாங்காது. ஐஎஸ்ஓ 400 போட்டால் அதே எஃப்/2.8-க்கு 1/16000 கேட்கும், எஃப்5-ஆலேயே முடியாது. ஆகவே பாடியில் பணத்தைக் கொட்டுவதற்குப் பதில் பகலுக்கு ஐஎஸ்ஓ 100 அல்லது 200 ரோல் போடுங்கள், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று வாங்குங்கள்.

வேகத்தைவிட மீட்டர்தான் இங்கே அதிகம் ஏமாற்றும். எந்த மீட்டரும் பார்ப்பதை நடுத்தரச் சாம்பல் என்று நினைத்து அளக்கும். அரிச்சல்முனையின் வெளுத்த மணலையும் மினுங்கும் கடலையும் காட்டினால் ‘அடேயப்பா’ என்று மூடச் சொல்லும், ஆள் முகம் கரியாகிவிடும். எஃப்3 வியூஃபைண்டரின் நடுவட்டத்துக்கு மட்டும் 80 சதவீதம் மதிப்புக் கொடுப்பதால் எதைக் குறி வைக்கிறீர்கள் என்பது தெளிவு: அதே வெயிலில் உங்கள் உள்ளங்கையைக் காட்டி அளந்து, சுமார் ஒரு ஸ்டாப் கூட்டி வைத்துக்கொண்டு எடுங்கள். எஃப்4, எஃப்5, எஃப்100-இல் இருக்கிற மேட்ரிக்ஸ் மீட்டர், படத்தைப் பல துண்டாகப் பிரித்துப் பார்ப்பதால், இதில் பாதி வேலையை அதுவே செய்துவிடும். ஏஐ என்ற பழைய வகை மேனுவல் ஃபோகஸ் லென்ஸ்களிலும் எஃப்4 மேட்ரிக்ஸ் கொடுக்கும், எஃப்5-இல்கூட அது கிடையாது. காலையில் ஆறரைக்கு பெண்கடல் (அலை குறைந்த வங்கக்கடல்) பக்கம் படகு நிழலுருவமாக எடுக்கிறவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, வானத்தைப் பார்த்து அளந்தால் முடிந்தது.

ஆட்டோஃபோகஸ் பாடிகளில் எது?

நிக்கானில் எஃப்100 (1999). கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எஃப்5-இன் பெரும்பாலான திறமை 785 கிராமில், நாலு பென்சில் செல்லில். 1/8000, ஃபிளாஷ் 1/250. பின்கதவின் கொக்கி பிளாஸ்டிக், உடையக்கூடியது, வாங்கும்போது திறந்து மூடிப் பாருங்கள். மேலே இருக்கிற ரப்பர் பிசுபிசுக்கும், ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். எஃப்5 செல் போடாமலே 1210 கிராம், அதற்கு மேல் எட்டு செல். கழுத்தில் மாட்டி பாம்பன் பாலத்திலிருந்து குந்துகால் வரை நடந்துவிட்டு வந்து சொல்லுங்கள். எஃப்4 அழகான மிருகம், எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருகு, மெனுவே கிடையாது. ஆனால் வியூஃபைண்டர் எல்சிடி மை கசிந்த மாதிரி கறுத்துப்போனவை நிறைய. அதன் ஃபோகஸ் வேகம் இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமையைச் சோதிக்கும். எஃப்6 எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும், அந்தப் பணத்துக்கு எஃப்100 ஒன்றும் ஒரு வருடத்துக்கு ரோலும் வாங்கலாம் என்பதுதான் பிரச்சினை.

கேனன் பக்கம் 1என் தான் புத்திசாலித்தனம். 1வி அதைவிடச் சிறந்தது (45 ஃபோகஸ் புள்ளி, கீழே மாட்டும் மோட்டார் பூஸ்டரோடு வினாடிக்கு 10 படம்), விலையும் அதற்கேற்ப ஏறிக்கிடக்கிறது. நாரைக்கும் பூநாரைக்கும் 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஏற்கெனவே இருந்தால் 1வி பற்றி யோசியுங்கள்.

என்னிடம் டிஜிட்டல் கேமரா லென்ஸ் இருக்கிறது, அதையே மாட்டலாமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும், பாடி எது என்பதைப் பாதி இதுவே முடிவு செய்துவிடும். கேனனில் முழு ஃப்ரேம் இஎஃப் லென்ஸ் என்றால், 1987-க்குப் பிறகு வந்த எந்த ஈஓஎஸ் ஃபிலிம் பாடியிலும் அப்படியே ஓடும். இஎஃப்-எஸ் மாட்டாது, ஆர்எஃப் மாட்டவே மாட்டாது. 1987-க்கு முந்தைய எஃப்-1 வகைகளுக்கு எஃப்டி லென்ஸ் தனி.

நிக்கானில் லென்ஸ் மாட்டும் வளையம் (மவுன்ட்) 1959-இலிருந்து ஒன்றுதான், உள்ளே சிக்கல் உண்டு. அப்பர்ச்சர் வளையம் உள்ள டி வகை லென்ஸ் எல்லாவற்றிலும் வேலை செய்யும். அப்பர்ச்சர் வளையம் இல்லாத ஜி வகை எஃப்5, எஃப்6, எஃப்100 மூன்றிலும் நன்றாக ஓடும், எஃப்4-இல் அரைகுறை, எஃப்3-இலும் எஃப்எம்2-விலும் மிகச் சின்ன அப்பர்ச்சரில் பூட்டிக்கொள்ளும். புதிய இ வகையும் ஏஎஃப்-பி வகையும் வேண்டாம். கையில் 50 எம்எம் ஜி லென்ஸ் இருந்தால் எஃப்எம்2 ஆசையை விட்டுவிட்டு எஃப்100 வாங்குங்கள்.

காக்கா (அண்ணே), கீழக்கரையில் கல்யாண வேலை பார்க்கிறேன். ஃபிலிமில் கொஞ்சம் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். எது சரிப்படும்?

எஃப்100 அல்லது 1என், கூட ஒரு நல்ல ஃபிளாஷ். மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு, பெண்வீட்டார் பக்கம் நிற்க விடுகிற நேரமும் குறைவு, அங்கே கையால் ஃபோகஸ் திருகிக்கொண்டிருக்க முடியாது. மாலை நாலு மணிக்கு மாப்பிள்ளையைக் கடற்கரையில் நிறுத்தி எடுக்கும்போது முகத்துக்கு ஃபிளாஷ் நிரப்ப வேண்டும், அங்கே 1/250 இருக்கிற பாடிக்கும் 1/80-இல் நிற்கும் எஃப்3-க்கும் வித்தியாசம் தெரியும். டிஜிட்டலில் வேலையை முடித்துவிட்டு, ஃபிலிமில் ஒன்றிரண்டு ரோல் கூடுதலாக எடுங்கள். ஃபிலிமை மட்டும் நம்பி யாருடைய நிக்காஹ்வையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஹாசல்பிளாட், ஆர்பி67 மாதிரி பெரிய ரோல் கேமரா?

இதில்தான் படம் உண்மையிலேயே மாறும், ஏனென்றால் ரோல் பெரிசு. ஹாசல்பிளாட் 500சி/எம்-இல் 120 ரோலுக்கு 12 படம், மாமியா ஆர்பி67-இல் 10. இரண்டிலும் ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் எந்த வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும், ஹாசலில் 1/500 வரை. கடற்கரை வெயிலில் ஆளை நிறுத்தி எடுக்க இதைவிட வசதி கிடையாது. ஆர்பி67 லென்ஸோடு இரண்டரைக் கிலோ தாண்டும், ஃபோகஸுக்குத் துருத்தி, அந்தத் துருத்தியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். ஸ்டாண்டு போட்டு நிற்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

லைக்கா?

எம்6 அருமையான கேமரா, 1/1000 வரை, ஃபிளாஷ் 1/50, சத்தம் கேட்காது. அந்த விலைக்கு ஒரு பழைய வல்லம் கிடைத்தால் நான் வல்லத்தை வாங்குவேன்.

பழைய பாடி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொரு வேகத்திலும் தட்டுங்கள். ஒரு வினாடியும் அரை வினாடியும் போன் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஷட்டர் தகடுகளில் எண்ணெய்ப் பசை, நெளிவு, விரல் ரேகை இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கதவு ஓரத்துக் கறுப்புப் பஞ்சைத் தொட்டால் தார் மாதிரி ஒட்டுகிறதா? அது மலிவான வேலை, அதைச் சொல்லி விலை குறையுங்கள். மீட்டரை இன்னொரு கேமராவோடு ஒரே சுவரைப் பார்த்து ஒப்பிடுங்கள். செல் பெட்டி மூடியைக் கழற்றிப் பச்சை இருக்கிறதா பாருங்கள், ப்ரிஸத்துக்குள் கறுப்புக் கோடு ஓடுகிறதா பாருங்கள். பெயின்ட் தேய்ந்து பித்தளை தெரிவது குற்றமில்லை, மூலையில் குழி விழுந்திருப்பது குற்றம்.

வாங்கியபின் ஒரு மலிவான ரோலைப் போட்டு, மேகமில்லாத வானத்தை 1/60-இலிருந்து கடைசி வேகம் வரை அப்பர்ச்சரை ஈடுகட்டி எடுங்கள். எல்லா நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் இருந்தால் ஷட்டர் ஒழுங்கு. ஒரு ஓரம் மட்டும் வெளுத்திருந்தால் திரைகள் சமமாக ஓடவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதனால்தான் திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்கச் சொல்கிறேன்.

புதுசாகவே கிடைக்காதா?

இந்த வகையில் கிடைக்காது. கேனன் 1வி விற்பனை 2018-இல் நின்றது, எஃப்6 2020-இல் நின்றது. லைக்கா எம்6-ஐ 2022-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதன் விலை மேலே சொன்ன கதைதான். 2024-இல் பென்டாக்ஸ் 17 வந்தது, அது பாதி ஃப்ரேம், லென்ஸ் மாற்ற முடியாது, கையடக்கமாக வைத்துக்கொள்ள நல்லது.

ரோலை எங்கே கழுவுவது?

இங்கிருந்த கலர் லேப்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால் பெரும்பாலோர் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்புகிறோம். வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை: கறுப்பு வெள்ளைக்குப் பரிந்துரைக்கும் 20 டிகிரிக்கு ஐஸ் வாங்க ஓட வேண்டும், கலர் சி-41 கேட்கும் 38 டிகிரி நம் சித்திரை வெயிலில் வாளித் தண்ணீரிலேயே கிட்டத்தட்ட வந்துவிடும். போர் தண்ணீர் உப்பு, கடைசி அலசலுக்கு கேன் தண்ணீர்தான், இல்லையென்றால் காய்ந்தபின் நெகட்டிவெங்கும் வெள்ளைத் திட்டு.

நீங்களாக இருந்தால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

எஃப்எம்2 ஒன்று, எஃப்100 ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக டி வகை 35-உம் 85-உம். ஒன்றில் ஐஎஸ்ஓ 100, இன்னொன்றில் 400. எஃப்எம்2-வை முதலில் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுவேன். எஃப்100 கெட்டால் இன்னொன்று வாங்குவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையேறி பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது இந்த இரண்டுமே போதும், அந்தச் சமயத்தில் துறைமுகப் பக்கம் நிறங்கள் வேறு எப்போதும் கிடைக்காது.

பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் யாராவது கேட்பார்களா?

கடற்கரையில் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் ‘இதுல ரோல் கெடைக்குதா இன்னும்?’ என்றுதான். ராமேசுவரம் கோயிலுக்குள் கேமரா கூடாது. உச்சிப்புளி கடற்படை விமானத்தளமான ஐஎன்எஸ் பருந்து பக்கம் பையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தை எடுக்க ரோட்டுப் பாலத்தில் நிற்பீர்கள், நடந்து போய் ஓரமாக நில்லுங்கள், வண்டியை நிறுத்தினால் போலீஸ் விரட்டுவார்கள். ரயில் வருகிற நேரத்தை முதலிலேயே ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பாலத்தில் காற்று பலமாக இருக்கும், கேமரா வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடியுங்கள்.